கண்ணுக்குத் திரும்பும் ஆறு

நுழையும்முன்

ஆற்றங்கரையில் ஊர் அமைத்த மனிதன், ஊர் பெருநகரமான பின் ஆற்றுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டான். மதில்களுக்கு அப்பாலும் சாலைகளுக்கு அடியிலும் மறைந்துபோன நீர்வழிகளை மீண்டும் நகரமக்களின் பார்வைக்குக் கொண்டுவரும் முயற்சியில் ஓவியர்களும் சிற்பிகளும் வடிவமைப்பாளர்களும் ஈடுபட்டுள்ளனர். அம்முயற்சிகள் சிலவற்றையும் அவற்றின் பயனையும் எல்லையையும் எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

படித்துறை எளிய கட்டுமானம். கரையிலிருந்து நீருக்குள் இறங்கும் சில கற்படிகள், அவ்வளவே. ஆயினும் ஒரு நகரத்துக்கும் அதன் ஆற்றுக்கும் இடையே இருந்த உறவு முழுவதையும் அப்படிகளே தாங்கியிருந்தன. குளிக்கவும் துணி துவைக்கவும் குடத்தில் நீர் முகக்கவும் முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றவும் மக்கள் நாள்தோறும் அவற்றில் இறங்கினர். நீரின் நிறம் மாறினாலும் மட்டம் தாழ்ந்தாலும் முதலில் அறிந்தவை அவர்களுடைய கால்கள். வையையில் புதுப்புனல் வந்த செய்தி கேட்டு மதுரை மாந்தர் திரண்டு சென்று நீராடியதைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. ஆற்றில் நீர் வருவது அன்று ஊர் முழுமைக்கும் உரிய செய்தி.

இன்றைய பெருநகரவாசி ஆற்றை எங்கே சந்திக்கிறார்? பாலத்தின்மேல், பேருந்துச் சன்னலின் வழியாக, சில நொடிகள். நாற்றம் வீசினால் அச்சன்னலும் மூடப்படுகிறது. குடிநீர் ஒரு குழாயில் வருகிறது. கழிவுநீர் மற்றொரு குழாயில் போகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால் ஆறு என ஒன்று உண்டு என்று எண்ண வேண்டிய தேவையே அவருக்கு நேர்வதில்லை. நீரைத் தூய்மைப்படுத்துவது பொறியாளர் பணி. அதற்குச் சட்டமும் நிதியும் தருவது அரசின் பணி. இதில் கலைஞருக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கண்ணில் படாத ஒன்று கெடும்போது ஏன் என்று கேட்க ஆளிருக்காது. ஆறுகளுக்கு நேர்ந்தது அதுவே. மறைந்ததை மீண்டும் கண்முன் நிறுத்துவது கலைஞரின் தொழில்.

பனிக்கட்டியைக் கழுவியவர்கள்

சீனாவின் தென்மேற்கில் உள்ள செங்டூ, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற தொன்மையான நகரம். நெய்த பட்டை அலசிய ஆற்றுக்கே பூவேலைப்பட்டு ஆறு எனப் பொருள்படும் பெயர் அங்கு வழங்கியது. நகரம் பெருகித் தொழிற்சாலைகளும் பெருகியபோது, நகரைச் சூழ்ந்தோடும் ஃபூ, நான் என்னும் ஆறுகள் கழிவுநீரால் கறுத்தன. 1995ஆம் ஆண்டு, பெட்சி டேமன் என்னும் அமெரிக்கக் கலைஞரின் முன்முயற்சியால் சீனக் கலைஞர்கள் பலர் அந்த ஆற்றங்கரையில் கூடி, ஆற்றைப் பொருளாகக் கொண்ட நிகழ்வுகளை நடத்தினர்.

அவர்களுள் ஒருவர் யின் சியூசென் என்னும் பெண் கலைஞர். அவர் மாசடைந்த ஆற்றிலிருந்து 10 கன மீட்டர் நீரை எடுத்து, அதைப் பாளம் பாளமாக உறையவைத்து, அப்பனிக்கட்டிகளைக் கரையில் மதிற்சுவர்போல் அடுக்கினார். நீரில் இருந்த அழுக்கும் அதனோடு சேர்ந்து உறைந்திருந்தது. அருகே வாளிகளில் தூய நீரும் தேய்க்கும் தூரிகைகளும் வைக்கப்பட்டன. அவ்வழியே சென்றவர்களிடம், விருப்பமிருந்தால் இப்பனிக்கட்டியைக் கழுவலாம் எனக் கூறப்பட்டது. வழிப்போக்கர் பலர் நின்று கழுவினர். கழுவக் கழுவப் பனிக்கட்டி கரைந்தது. கரைந்த நீர் வழிந்தோடியது. சில நாள்களில் கலைப்படைப்பு என்று சொல்ல அங்கு எதுவும் மிஞ்சவில்லை.

இதனால் ஆறு தூய்மையாகிவிடுமா எனக் கேட்டால், ஆகாது. ஓடும் ஆற்றை ஒரு தனிமனிதர் கழுவ முடியாது. அது அவர் கைக்கு அடங்காதது. பத்து கன மீட்டர் பனிக்கட்டியோ கைக்கு அடங்குவது. யின் சியூசென் செய்தது இவ்வளவே: அள்ள முடியாத ஒன்றை அள்ளக்கூடிய அளவுக்குச் சுருக்கி, அதைத் தொடுவதற்கு ஒரு காரணத்தையும் தந்தார். தூரிகையைக் கையில் எடுத்தவர் அழுக்கின் நிறத்தை அரையடித் தொலைவில் பார்த்தாக வேண்டும். அதன் குளிர்ச்சியையும் விரல்களில் உணர்ந்தாக வேண்டும். அறிவிப்புப் பலகை ஆயிரம் வைத்தாலும் இது நடவாது.

பெட்சி டேமன் அத்துடன் நிற்கவில்லை. நகர அலுவலர்களோடும் நீரியல் அறிஞர்களோடும் நிலவடிவமைப்பாளர்களோடும் இணைந்து, ஃபூ ஆற்றின் கரையில் ஏறத்தாழ 6 ஏக்கர் பரப்பில் உயிர்நீர்ப் பூங்கா ஒன்றை உருவாக்கினார். 1998இல் திறக்கப்பட்ட அப்பூங்கா மேலிருந்து பார்த்தால் மீன் வடிவில் தோன்றும். ஆற்றிலிருந்து எடுக்கப்படும் நீர் முதலில் ஒரு குளத்தில் தங்கி மண்டியை இறக்குகிறது. பின்னர், கிண்ணம் கிண்ணமாக அடுக்கிய கற்சிற்பங்களின் வழியே சுழன்று வழிந்து காற்றோடு கலக்கிறது. அதன்பின் மீனின் செதில்கள்போல் அமைந்த ஈரநிலக் குட்டைகளில் நாணலுக்கும் தாமரைக்கும் இடையே மெல்லக் கசிந்து, ஒவ்வொரு குட்டையிலும் சற்றே தெளிந்து, இறுதியில் சிறுவர்கள் கால் நனைத்து விளையாடும் நீராக மாறி ஆற்றுக்குத் திரும்புகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கன மீட்டர், அதாவது 2 லட்சம் லிட்டர் நீர் இவ்வாறு தெளிவிக்கப்படுகிறது.

ஒரு பெருநகர ஆற்றின் போக்கில் 2 லட்சம் லிட்டர் மிகச் சொற்பம். பூங்காவை அமைத்தவர்களும் இதனை அறிவர். கழிவுநீர் நிலையங்கள் செய்யும் வேலை மதிலுக்குள்ளே, மூடிய தொட்டிகளில் நடக்கிறது. அதே வேலையை ஒரு மாலைநேர நடையில், படிப்படியாக, எவரும் கண்டறியத் திறந்துவைத்தது இப்பூங்காவின் சிறப்பு.

தெரிந்து தெளிவோம்

நாணல், கோரை முதலிய ஈரநிலத் தாவரங்கள் தம் உட்குழல் தண்டின் வழியாக ஆக்சிஜனை வேர்களுக்குக் கொண்டுசெல்கின்றன. அதில் ஒரு பகுதி வேரைச் சுற்றியுள்ள சேற்றில் கசிகிறது. அங்கு வாழும் நுண்ணுயிர்கள் அந்த ஆக்சிஜனைக் கொண்டு நீரிலுள்ள கரிமக் கழிவுகளைச் சிதைக்கின்றன. தாவரங்கள் நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றை உணவாக உறிஞ்சிக்கொள்கின்றன. நீரைத் தூய்மை செய்வதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுடையதே.

கறையால் வரைந்த சித்திரம்

ஆறுகள் மறைந்தமைக்கு மனிதரின் அலட்சியம் மட்டும் காரணமன்று, அச்சமும் காரணம். 1870ஆம் ஆண்டின் இறுதியில் இத்தாலியத் தலைநகர் ரோமில் டைபர் ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தது. அதன் விளைவாக ஆற்றின் இருமருங்கிலும் உயர்ந்த கரைச்சுவர்கள் எழுப்பப்பட்டன. வெள்ளம் நின்றது. அதனோடு, கரையில் இருந்த சிறு துறைகளும் நீரை ஒட்டி நடந்த வாழ்க்கையும் நின்றுபோயின. ஆறு நகரின் நடுவே ஓடினாலும் நகரத்துக்கு வெளியே சென்றுவிட்டது.

வெளிர்நிறக் கற்களாலான அச்சுவரில் நூறாண்டுக்கும் மேலாகப் பாசியும் வாகனப் புகையும் படிந்து கருமை ஏறியிருந்தது. தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிஜ் 2016இல் அக்கருமையையே தம் வண்ணமாகக் கொண்டார். உருவ வடிவில் வெட்டிய மாபெரும் தகடுகளைச் சுவரில் பொருத்தி, அவற்றைச் சுற்றியுள்ள பகுதியை விசைமிகு நீரால் கழுவச் செய்தார். கழுவப்பட்ட இடம் வெளுத்தது. தகட்டின் பின்னிருந்த கறை உருவமாக நின்றது. இவ்வாறு ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்கு 80க்கும் மேற்பட்ட உருவங்கள் எழுந்தன. சில உருவங்கள் மூன்று மாடிக் கட்டட உயரம் கொண்டவை. ரோமுக்கு மூலமாகச் சொல்லப்படும் ஓநாய், பேரரசர்கள், கொலையுண்ட அரசியல் தலைவர், படகில் வந்த ஏதிலியர் என நகரின் வெற்றிகளும் துயரங்களும் அவ்வணிவகுப்பில் கலந்து நடந்தன. ரோமின் பிறந்தநாளாகக் கருதப்படும் ஏப்ரல் 21 அன்று இசைவாணர்களும் நிழலுருவங்களை ஏந்தியோரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஆற்றோரமாக ஊர்வலம் வந்தனர். மக்கள் படியிறங்கி நீரருகே நின்று அதனைக் கண்டனர்.

இம்முறையை அதே சுவரில் முன்னரே கையாண்டவர் கிரிஸ்டின் ஜோன்ஸ் என்னும் கலைஞர். 2005இல் அவர் ஓநாய் உருவங்களை இவ்வாறு தோற்றுவித்திருந்தார். வண்ணப்பூச்சு ஒரு துளியும் ஆற்றில் கலவாத இந்த உத்தி வியக்கத்தக்கது. கழுவிய இடங்களில் மீண்டும் பாசியும் புகையும் படியும் என்பதும், உருவங்கள் சில ஆண்டுகளில் மங்கி மறையும் என்பதும் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டவை. காலத்தை வென்று நிற்பதே கலையின் பெருமை என நாம் பழகிய எண்ணத்தை இது சற்றே அசைக்கிறது.

'இது ஆறுதானா?'

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வேறு வகையான இடர் நேர்ந்தது. 1938இல் பெருகிய வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் இராணுவப் பொறியாளர் படை ஏறத்தாழ 82 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றின் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் தளமும் சாய்வுச் சுவரும் அமைத்துக் கம்பிவேலி இட்டது. ஒரு தலைமுறைக்குள் அது ஆறு என்பதே மக்கள் நினைவிலிருந்து நீங்கியது. திரைப்படங்களில் கார்கள் ஒன்றையொன்று துரத்தும் களமாக மட்டும் அது அறியப்பட்டது.

லூயிஸ் மக்ஆடம்ஸ் என்னும் கவிஞர் 1980களின் நடுப்பகுதியில் நண்பர்களுடன் அவ்வேலியை வெட்டித் திறந்து ஆற்றுக்குள் இறங்கினார். உன் சார்பில் மனிதர்களிடம் நாங்கள் பேசலாமா என ஆற்றிடமே கேட்டதாகவும், ஆறு மறுப்பேதும் சொல்லாததால் அதையே இசைவாக எடுத்துக்கொண்டதாகவும் அவர் பின்னாளில் நகைச்சுவையோடு கூறுவதுண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றின் நண்பர்கள் என்னும் அமைப்பு இவ்வாறு பிறந்தது. அவ்வமைப்பின் பணி முழுவதையும் நாற்பதாண்டுக் காலம் நீளும் ஒரு கலைப்படைப்பு என்றே மக்ஆடம்ஸ் கருதினார். தொடக்கத்தில் ஆற்றைத் துப்புரவு செய்ய வந்தவர்கள் வெகுசிலரே. பின்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர்.

இதே ஆற்றுக்கு நீர் கொணரும் கிளைக் கால்வாய் ஒன்றின் சுவரில் ஜூடித் பாக்கா என்னும் ஓவியர், 1976 முதல் 1983 வரை பல கோடைக் காலங்களில் 400க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 840 மீட்டர் நீளமுள்ள சுவரோவியத்தைத் தீட்டினார். கலிபோர்னியாவின் தொல்குடிகள், குடியேறிய உழைப்பாளர்கள் முதலாகப் பாடநூல்கள் மறந்த மக்களின் வரலாறு அதில் இடம்பெற்றது. மறைக்கப்பட்ட ஆற்றில் மறைக்கப்பட்டோரின் கதை எழுதப்பட்டது பொருத்தமே. தீட்டியவர்களுள் பலர் உங்கள் வயதினர்.

ஆற்றை ஆறு என நிறுவும் வேலை 2008இல் விந்தையான முறையில் நடந்தது. அது படகு செல்லத்தக்க நீர்வழியாகுமா என்னும் ஐயம் எழுந்தது. ஆகாது என்றால் தூயநீர்ச் சட்டத்தின் பாதுகாப்புக் குன்றிவிடும். ஆகவே ஒரு சிறு குழுவினர் சிறுபடகுகளில் ஆறு முழுவதையும் கடந்து காட்டினர். 2010இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, லாஸ் ஏஞ்சலிஸ் ஆறு படகு செல்லத்தக்கதே என அறிவித்தது. கவிஞர் ஒருவர் வேலியை வெட்டியதற்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

நீலக்கோடும் உருட்டு விழிகளும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள பால்டிமோர் நகரில் ஓடைகள் பல நிலத்தடிக் குழாய்களுக்குள் அடைக்கப்பட்டு, அவற்றின்மேல் வீதிகள் போடப்பட்டன. சம்வால்ட் ஓடை அவற்றுள் ஒன்று. புரூஸ் வில்லன் என்னும் வடிவமைப்பாளர் அவ்வோடை முன்னாளில் சென்ற தடத்தைக் கண்டறிந்து, அத்தடத்தின்மேல் வீதிகளிலும் நடைபாதைகளிலும் வளைந்து நெளியும் நீலக்கோட்டை வரையச் செய்தார். கோட்டின்மேல் நடப்பவர் தம் காலடியில் இன்றும் நீர் ஓடுகிறது என்பதை உணர்வார். செலவு மிகாத எளிய எண்ணம் இது. நம் ஊர்களில் ஏரிகள் இருந்த இடங்களுக்கும் வாய்க்கால்கள் ஓடிய தெருக்களுக்கும் இத்தகைய கோடு வரைந்தால் எத்தனை வீடுகளுக்குள் அது நுழையும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதே நகரின் துறைமுகத்தில், ஜோன்ஸ் ஃபால்ஸ் என்னும் ஆற்றின் முகத்துவாரத்தில், 2014 முதல் ஒரு குப்பை அள்ளும் எந்திரம் இயங்கிவருகிறது. ஆற்று நீரோட்டமும் சூரிய ஆற்றலும் அதன் சக்கரத்தைச் சுழற்றுகின்றன. மிதவைத் தடுப்புகள் குப்பையை வாய்ப்பகுதிக்கு ஒதுக்கித் தருகின்றன. நகரும் பட்டை அதனை ஏற்றித் தொட்டியில் கொட்டுகிறது. நத்தை ஓடுபோல் வளைந்த அதன் கூரைமேல் இரண்டு பெரிய உருட்டு விழிகளைப் பொருத்தி, திருவாளர் குப்பைச் சக்கரம் எனப் பொருள்படும் பெயரையும் சூட்டியபின் நகரமக்கள் அதனைத் தங்கள் வீட்டுச் செல்லப்பிள்ளையாகவே கருதத் தொடங்கினர். ஒருமுறை மலைப்பாம்பு ஒன்று அதன்மேல் ஏறிப் படுத்திருந்த செய்தி ஊரெங்கும் பேசப்பட்டது. ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட குப்பையை அது இதுவரை அள்ளியுள்ளது.

அள்ளியவற்றை வகைபிரித்து எண்ணி வெளியிட்டதுதான் முதன்மையானது. நுரைநெகிழி உணவுப் பெட்டிகளின் மிகுதி அதனால் வெளிப்பட்டது. அப்பெட்டிகளைத் தடைசெய்ய நகரமன்றம் 2018இல் முடிவெடுத்தபோது அக்கணக்கும் சான்றாக நின்றது. விழிகள் இல்லாவிடினும் எந்திரம் அதே அளவு குப்பையைத்தான் அள்ளியிருக்கும். ஆனால் அதன் கணக்கை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

கூவத்தின் கரையில்

சென்னையிலும் ஆறுகள் மூன்று உண்டு: வடக்கே கொற்றலை, நடுவே கூவம், தெற்கே அடையாறு. இவற்றைக் குறுக்கே இணைப்பது பக்கிங்காம் கால்வாய். ஒருகாலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்ற அக்கால்வாயின் நீர்ப்பரப்பிலேயே இன்று பறக்கும் தொடர்வண்டியின் தூண்கள் பல ஊன்றப்பட்டுள்ளன. 2015 டிசம்பரில் அடையாறு பெருக்கெடுத்தபோதுதான், தம் வீடு ஆற்றின் அருகே இருக்கிறது என்பதைப் பலர் முதன்முதலாக அறிந்தனர்.

ஆறுகளைத் தழுவுவோம் எனப் பொருள்படும் பெயரில், ஜெர்மானியப் பண்பாட்டு நிறுவனமான கோத்தே நிலையத்தின் முன்னெடுப்பில் சென்னையில் பொதுவெளிக் கலைத் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. இந்தியக் கலைஞர்களும் பிறநாட்டுக் கலைஞர்களும் தம் படைப்புகளைக் கூவத்தின் கரையிலேயே நிறுவுவதாக இருந்தது. ஆற்றங்கரையில் நடத்த இசைவு கிட்டாமையால், 2018இல் அக்கண்காட்சி லலித் கலா அகாதெமியின் அரங்குக்குள் நடந்தது. படைப்புகள் குறையின்றி இருந்தன. கூவம் மட்டும் அங்கு இல்லை. வெறும் இடமாற்றமாக இதனைக் கருத முடியாது. ஆற்றைக் காண ஆற்றங்கரைக்கு வர வேண்டியவர்கள் குளிர்ந்த அரங்குக்கு வந்தார்கள். அரங்குக்கு வரும் பழக்கமில்லாதவர்கள் வரவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி 2022இல் அரங்கேறியது. சதுரங்க ஒலிம்பியாட் போட்டியை முன்னிட்டு, கூவம் கடலோடு சேருமிடத்தில் உள்ள நேப்பியர் பாலம் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்களால் அழகூட்டப்பட்டது. மக்கள் திரளாக வந்து படம் எடுத்துக்கொண்டனர். பாலம் அனைவர் கண்ணிலும் பட்டது. கீழே ஓடிய ஆற்றைக் காண அவ்வண்ணம் எவரையும் அழைக்கவில்லை. ஆற்றின்மேல் செய்யப்படும் கலைக்கும் ஆற்றுக்காகச் செய்யப்படும் கலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மற்றொரு வினாவையும் தவிர்க்க இயலாது. கரை அழகுபெறும்போது அந்த அழகு யாருக்கு? கூவத்தின் கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆற்றுச் சீரமைப்பின்பொருட்டு நகரின் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வெள்ளத்திலிருந்து அவர்களைக் காக்க இது தேவை என்பது ஒரு வாதம். பிழைப்பையும் பள்ளியையும் விட்டு வெகுதொலைவு செல்ல நேர்ந்தது அவர்கள் அனுபவம். லாஸ் ஏஞ்சலிஸிலும் ஆற்றுக்கு மதிப்புக் கூடியபோது கரையோர வீட்டு வாடகை உயரும் என எளிய மக்கள் அஞ்சினர். ஆற்றை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்களே. அவர்களை அகற்றிவிட்டு, பார்க்க மறந்தவர்களுக்கு ஆற்றைக் காட்டுவது எத்தகைய மீட்பு என்பதை வடிவமைப்பாளர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரும்பொருட்செலவு இன்றி எவரும் செய்யத்தக்க வழக்கம் ஒன்று உலகின் பல நகரங்களில் நிலவுகிறது. வீதியோர மழைநீர் வடிகாலின் வாயருகே ஒரு மீனை வரைந்து, இங்கே கொட்டுவது ஆற்றைச் சேரும் என எழுதிவைக்கின்றனர். வெட்டிய ஓர் அட்டையும் ஒரு குவளை வண்ணமும் உள்ளாட்சி அமைப்பின் இசைவும் இதற்குப் போதும். மழை பெய்யும்போது அந்த மீனைக் கடந்துதான் தெருநீர் உள்ளே இறங்குகிறது.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் முன்பு ஓடி இப்போது மறைந்துபோன வாய்க்கால், ஓடை, குளம் ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, அதன் தடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றை வரைக.

நேப்பியர் பாலத்துக்கு வண்ணமிட்டதைப் பற்றிய கட்டுரையாசிரியரின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? வகுப்பில் இரு அணிகளாகப் பிரிந்து உரையாடுக.

உங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள நீர்நிலைக்கு மக்களை மீண்டும் வரச்செய்யும் கலைப்படைப்பு ஒன்றைத் திட்டமிடுக. அந்நீர்நிலையின் கரையில் வாழ்வோரிடம் முதலில் கலந்துபேசி, அவர்கள் கூறியவற்றையும் திட்டத்தில் எழுதுக.